சாவிக்கொத்து யார் இடுப்பில்?

கைப்பேசியில் புதிதாக ஒரு செயலியைத் திறக்கிறோம். வேலை தேட ஒரு செயலி, பிள்ளையின் பாடத்துக்கு ஒரு செயலி, பொழுது போகச் சீட்டாட ஒரு செயலி என்று எதற்கெடுத்தாலும் செயலி வந்துவிட்ட காலம் இது. திறந்தவுடன் வாசலில் இரண்டு வழிகள் தெரிகின்றன. பெயர் எழுது, மின்னஞ்சல் எழுது, கடவுச்சொல் போடு, அதையே இன்னொரு முறை போடு, வந்த கடிதத்தைத் திறந்து சரிபார் என்று ஆயிரம் சொல்லி அலைக்கழிக்கும் வழி ஒன்று. "பேஸ்புக் மூலம் நுழைக", "கூகுள் மூலம் நுழைக" என்று வண்ணப் பொத்தானாகப் பல்லிளித்து அழைக்கும் வழி மற்றொன்று. விரல் பட்டால் போதும், கதவு திறந்துவிடும். காசு கிடையாது. கியூவும் கிடையாது!

எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும் தொழிலாளி எந்த வழியில் போவார்? பொத்தான் வழியில்தான் போவார். அதில் குற்றம் காண நாம் வரவில்லை.

"என்ன தோழரே, பொத்தான் அழுத்துவதில் கூடவா அரசியல்?" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். கூட்டுக்குடும்பத்தில் சாவிக்கொத்து மாமியார் இடுப்பில் தொங்குகிறதா, மருமகள் இடுப்பில் தொங்குகிறதா என்று பார்த்தே அந்த வீட்டு ஆட்சி யார் கையில் என்று நம் ஊர்ப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். எண்ணற்ற தளங்களின் சாவிகளைக் கோர்த்து இரண்டு மூன்று அமெரிக்கக் கம்பெனிகள் இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடுகின்றனவே, அங்கே ஆட்சி யார் கையில் என்று கேட்க வேண்டாமா?

டோக்கன் வருகிற விதம்

முதலில் இந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். இயந்திரத்தோடு பழகிய தோழர்களுக்கு இது கஷ்டமான சங்கதியல்ல.

நாம் ஒரு வேலைவாய்ப்புத் தளத்தின் வாசலில் நிற்கிறோம் என்று வையுங்கள். பேஸ்புக் பொத்தானை அழுத்துகிறோம். உடனே அந்தத் தளம் நம்மைப் பேஸ்புக்கின் வாசலுக்கு அனுப்பி வைக்கிறது. பேஸ்புக் நம்மைப் பார்க்கிறது. ஆள் தெரிந்த ஆள்தான். "உன் பெயரையும் படத்தையும் மின்னஞ்சல் முகவரியையும் இந்தத் தளம் கேட்கிறது, கொடுக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி போடுகிறது. நாம் படித்தும் படிக்காமலும் "சரி" என்கிறோம். பேஸ்புக் ஒரு சீட்டை எழுதி அந்தத் தளத்தின் கையில் கொடுக்கிறது. "இவர் இன்னார்தான், நான் பொறுப்பு; இன்னின்ன விவரங்களை என்னிடம் வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்பது சீட்டின் பொருள். அந்தச் சீட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? டோக்கன்! நம் மில் வாசலில் கொடுத்தார்களே, அதே பெயர்.

இதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. நம்முடைய கடவுச்சொல் அந்த வேலைவாய்ப்புத் தளத்தின் கைக்குப் போவதில்லை. டோக்கன் மட்டுமே போகிறது. இப்படி டோக்கன் கொடுத்து வாங்கும் முறைக்கு 'ஓ-ஆத்' என்று ஒரு பொது விதியே 2007இல் எழுதப்பட்டது; 2012இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. இடையில் 2008இல் பேஸ்புக் தன் சாவியைப் பிற தளங்களுக்கு நீட்டியது. அதன் பிறகுதான் இந்தப் பொத்தான் உலகமெங்கும் முளைத்தது.

ஆனால் நம் கான்டீன் டோக்கனுக்கும் இந்த டோக்கனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாப்பாடு வாங்கியதும் கான்டீன் டோக்கன் தீர்ந்தது. இவர்களுடைய டோக்கனில் வாரக்கணக்கில் உயிரோடு இருப்பவையும் உண்டு. நாம் தூங்கும்போதும் அது விழித்திருக்கும். அந்தச் செயலியை நாம் மறந்து ஆண்டுகள் ஆனாலும், நாம் கொடுத்த அனுமதி பேஸ்புக்கின் ஏட்டில் இருக்கும்.

ஏடு என்றோமே, அதுதான் சங்கதியின் உயிர்நாடி. இந்த வியாபாரத்தில் எழுதப்படும் ஏடுகள் இரண்டு. நம்மைப் பற்றிய விவரம் தளத்தின் ஏட்டில் ஏறுகிறது. நாம் எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனோம் என்பது பேஸ்புக்கின் ஏட்டில் ஏறுகிறது. வேலை தேடும் தளத்துக்குப் போகிறவர் வேலை இல்லாதவர். கடன் கேட்கும் தளத்துக்குப் போகிறவர் முடையில் இருப்பவர். மகப்பேறு பற்றிய தளத்துக்குப் போகிறவர் வீட்டில் தொட்டில் கட்டப் போகிறார். இதை ஊகிக்க ஜோசியர் வேண்டுமா? விளம்பரத்தை விற்றுப் பிழைக்கும் கம்பெனிக்கு இந்த ஏட்டை விடத் தங்கச் சுரங்கம் வேறு எது?

எதற்காகப் போகிறோம்?

"அப்படியானால் பழைய வழியே மேல்" என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். பழைய வழியின் லட்சணத்தையும் பார்த்திருக்கிறோம். 2009 டிசம்பரில் 'ராக்யூ' என்ற கம்பெனியிலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. பூட்டுப் போட்டு வைத்திருந்தார்களா? இல்லை, மளிகைக் கடைக் கணக்கு மாதிரி அப்படியே பச்சையாக எழுதி வைத்திருந்தார்கள்! 2012இல் 'லிங்க்டுஇன்' தளத்திலிருந்து போனவையும் கோடிக்கணக்கில்தான். ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் போடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஓட்டைத் தளம் ஒன்றில் அது களவு போனால் ஒன்பது இடத்தில் திருடன் நுழைகிறான்.

ஆகவே வசதிக்காக மட்டும் மக்கள் இந்தப் பொத்தானிடம் போகவில்லை. சின்னக் கடைக்காரனுடைய தகரப் பூட்டை விடப் பெரிய கம்பெனியின் இரும்புப் பெட்டி பத்திரமானது என்ற எண்ணமும் சேர்ந்துதான் அங்கே இழுத்துச் செல்கிறது. அந்த எண்ணம் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இரும்புப் பெட்டியின் கதைகளையும் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

35 டாலர்

ஒரு சாவியில் ஊரெல்லாம் திறப்பது என்ற யோசனை பேஸ்புக் பெற்ற பிள்ளையல்ல. 1999இலேயே மைக்ரோசாப்ட் கம்பெனி 'பாஸ்போர்ட்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. இணையத்தில் எங்கே போனாலும் எங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிப் போங்கள் என்று மார்தட்டினார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் வைத்திருந்தவர்கள் பலரால் தங்கள் கடிதங்களைப் பார்க்க முடியவில்லை. காரணம் என்ன? எதிரி நாட்டுச் சதியா? இல்லை ஐயா! பாஸ்போர்ட் என்ற அந்த இணைய முகவரிக்குக் கட்ட வேண்டிய 35 டாலர் சந்தாவை உலகத்தின் பெரும்பணக்காரக் கம்பெனி கட்ட மறந்துவிட்டது! மைக்கேல் சேனி என்ற அமெரிக்க நிரலாளர், சம்பந்தா சம்பந்தம் இல்லாதவர், தன் சொந்தப் பணத்தைக் கட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. பாஸ்போர்ட்டின் பாதுகாப்பைப் பற்றி மைக்ரோசாப்ட் அளந்ததெல்லாம் உண்மைக்கு மாறானது என்று அமெரிக்க சர்க்காரின் வர்த்தக ஆணையம் 2002இல் குற்றம் சாட்டியது. கம்பெனி சமரசம் செய்துகொண்டது. பாடம் அன்றே எழுதப்பட்டாயிற்று, படிக்கத்தான் ஆளில்லை.

335 பேர் அழுத்தினார்கள்

இப்போது பெரிய கதைக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பெயரைத் தோழர்கள் 2018இல் கேட்டிருப்பார்கள். தேர்தல் மோசடி, டிரம்ப், லண்டன் கம்பெனி என்றெல்லாம் அப்போது பேசப்பட்டது. அந்தக் களவு நடந்த வாசல் எது என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே வாசல்தான் அது!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அலெக்சாண்டர் கோகன். அவர் ஒரு வினாடி வினாச் செயலியைச் செய்தார். உங்கள் குணம் எப்படிப்பட்டது என்று சொல்கிறோம், சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள் என்றது அது. பதில் சொன்ன பலருக்குச் சிறு தொகையும் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: பேஸ்புக் கணக்கு மூலமாக நுழைய வேண்டும். நுழையும்போது சில விவரங்களைக் கேட்கும். "சரி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சுமார் 2,70,000 பேர் "சரி" என்றார்கள். அவர்கள் சம்மதித்தது தங்கள் விவரத்தைக் கொடுக்க. ஆனால் அந்தக் காலத்தில் பேஸ்புக்கின் விதி என்ன தெரியுமா? ஒருவர் சம்மதம் கொடுத்தால் அவருடைய நண்பர்களின் விவரங்களும் செயலிக்குத் திறந்துவிடப்படும்! ஊர் என்ன, பிறந்த நாள் என்ன, எந்தப் பக்கத்தை விரும்பினார் என்பதெல்லாம் சேர்ந்து போகும். நண்பர்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை. நண்பர்களுக்குச் சொன்னார்களா? சொல்லவில்லை. கடைசியில் பேஸ்புக்கே ஒப்புக்கொண்ட கணக்குப்படி 8 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் வெளியே போயிருக்கலாம். ஒருவர் விரல் அழுத்தியதற்குச் சராசரியாக முந்நூறு பேருக்கு மேல் விலை போனார்கள். ஒரு தொழிலாளியிடம் ரேகை வாங்கி, தெருவையே அடமானம் எழுதிக்கொண்ட கதை!

இந்தியாவின் கணக்கு இன்னும் விசித்திரமானது. நம் நாட்டில் அந்தச் செயலியைப் பயன்படுத்தியவர்கள் வெறும் 335 பேர். ஒரு நடுத்தர மில்லின் ஒரு ஷிப்டில் இருக்கக்கூடிய ஆட்கள்! ஆனால் விவரம் வெளியே போயிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர் என்று பேஸ்புக் சொன்னது. அதாவது 5,62,120 பேர் எந்தப் பொத்தானையும் தொடாதவர்கள். எங்கோ யாரோ ஒரு நண்பர் தொட்டார் என்பதற்காகப் பட்டியலில் ஏறியவர்கள்.

இந்த விவரங்களைக் கொண்டு என்ன செய்தார்கள்? கோகனுடைய கம்பெனி அதைக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குக் கொடுத்தது. அந்தக் கம்பெனி வாக்காளர்களின் குணம் பார்த்து, அவரவர்க்குத் தகுந்த விளம்பரம் காட்டி மனத்தை மாற்றித் தருவதாகச் சொல்லி வியாபாரம் செய்தது. அமெரிக்காவில் 2016 தேர்தலுக்கு முன் டெட் குரூசுக்கும் பிறகு டிரம்புக்கும் வேலை பார்த்தது. அவர்கள் பெருமையடித்த அளவுக்கு மனத்தை மாற்றும் மந்திரம் அவர்களிடம் இருந்ததா என்பதில் நமக்குச் சந்தேகம் உண்டு. வியாபாரி தன் சரக்கைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்ப நாம் என்ன குழந்தைகளா? ஆனால் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை.

பேஸ்புக்குக்கு இது எப்போது தெரியும் என்று கேளுங்கள். 2015 டிசம்பரிலேயே லண்டன் 'கார்டியன்' நாளேடு எழுதிவிட்டது. பேஸ்புக் என்ன செய்தது? "அழித்துவிட்டோம்" என்று சம்பந்தப்பட்டவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு கோப்பைக் கட்டி வைத்தது. பறிகொடுத்த கோடிக்கணக்கான மக்களுக்கு ஒரு தபால் அட்டை போடவில்லை. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த கிறிஸ்டோபர் வைலி 2018 மார்ச்சில் எல்லாவற்றையும் வெளியே சொன்ன பிறகுதான் உலகம் விழித்தது. அடுத்த மாதமே ஜூக்கர்பர்க் அமெரிக்கக் காங்கிரசின் முன்னால் வந்து உட்கார்ந்து, தவறு தம்முடையது என்றார்.

தண்டனை? 2019 ஜூலையில் 500 கோடி டாலர் அபராதம். பெரிய தொகை என்று மலைக்க வேண்டாம். 2018இல் அந்தக் கம்பெனியின் வருவாய் 5,580 கோடி டாலர். ஏறத்தாழ ஒரு மாத வசூல்! அபராதம் வரப்போகிறது என்ற செய்தி கசிந்த நாளில் அந்தக் கம்பெனியின் பங்கு விலை இறங்கவில்லை, ஏறிற்று. இவ்வளவுதானா என்று பங்குச் சந்தை பெருமூச்சு விட்டது. பிறகு அமெரிக்காவில் மக்கள் தொடுத்த வழக்கில் 72 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க 2022இல் ஒப்புக்கொண்டார்கள். யாருக்கு? அமெரிக்காவில் இருந்த பயனாளர்களுக்கு. நம் 5,62,455 பேருக்கு? அந்தப் பந்தியில் இலை போடவே இல்லை. 2021 ஜனவரியில் நம் மத்திய புலனாய்வுத் துறை ஒரு வழக்குப் பதிவு செய்தது என்பதோடு நம் பங்கு நிற்கிறது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நண்பர்களின் விவரத்தைத் திறந்துவிடும் விதியை 2014இல் பேஸ்புக் மாற்றியது. பழைய செயலிகளுக்கும் 2015இல் அந்தக் கதவு மூடப்பட்டது. இன்று அதே முறையில் அதே களவு நடக்காது. ஆனால் விதியை எழுதியவரும் அவரே, மாற்றியவரும் அவரே. நம்மைக் கேட்டு எழுதவும் இல்லை, கேட்டு மாற்றவும் இல்லை.

இரும்புப் பெட்டியின் ஓட்டை

அதே 2018, செப்டம்பர் மாதம். பேஸ்புக் நிரலில் இருந்த ஒரு பிழை வழியாகத் திருடர்கள் புகுந்தார்கள். எதைத் திருடினார்கள்? கடவுச்சொல்லையல்ல; டோக்கனை! முதலில் 5 கோடி கணக்குகள் என்றார்கள், பிறகு சுமார் 3 கோடி என்று திருத்தினார்கள். டோக்கன் கையில் இருந்தால் அந்த ஆளாகவே வேடம் போட்டு உள்ளே நடமாடலாம். பேஸ்புக் மூலம் நுழையும் மற்றத் தளங்களையும் தட்டிப் பார்க்கலாம். 9 கோடிப் பேருடைய கணக்குகளை அவசர அவசரமாக வெளியேற்றி, மறுபடி நுழையச் சொன்னார்கள். பிற தளங்களில் திருடர்கள் புகுந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று கம்பெனி பின்னால் அறிவித்தது. தப்பித்தோம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிழை 2017 ஜூலை முதல் பதினான்கு மாதங்கள் அங்கேயே கிடந்தது. இதற்காக அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 25 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது 2024 டிசம்பரில். ஆறு வருஷம் கழித்து!

ஆப்பிள் கம்பெனியும் 2019இல் இந்தச் சந்தையில் கடை போட்டது. நம் மின்னஞ்சலை மறைத்து, வேறு முகவரி கொடுத்து நுழையவிடும் நல்ல வசதி அதில் உண்டு, பாராட்டலாம். அதிலும் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. மின்னஞ்சல் முகவரி ஒன்று தெரிந்தால் வேறொருவர் பெயரில் டோக்கன் வாங்கிவிடலாம் என்ற நிலை. அதை 2020இல் கண்டுபிடித்துச் சொன்னவர் பாவுக் ஜெயின் என்ற நம் நாட்டு இளைஞர். கம்பெனி ஒரு லட்சம் டாலர் சன்மானம் கொடுத்தது.

கதவு சாத்தினால்?

களவு போவது ஒரு பக்கம். சாவி வைத்திருப்பவன் கதவைச் சாத்திவிட்டால்?

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. நம் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒருசேரப் படுத்துக்கொண்டன. ஆறு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை, அந்தக் கம்பெனியை இணையத்தின் வரைபடத்திலிருந்தே அழித்துவிட்டது. அன்று வாட்ஸ்அப் இல்லாமல் தவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பேஸ்புக் பொத்தானால் மட்டுமே நுழையப் பழகியவர்கள், பேஸ்புக்கோடு ஒரு சம்பந்தமும் இல்லாத தளங்களின் வாசலிலும் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தளங்கள் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. சாவிக்காரர்தான் ஊரில் இல்லை! இதில் வேடிக்கை என்னவென்றால், அடையாள அட்டைகள் வேலை செய்யாமல் பேஸ்புக் ஊழியர்களே தங்கள் கட்டடத்துக்குள் நுழைய முடியாமல் தவித்ததாக நியூயார்க் நாளேடுகள் எழுதின.

அது விபத்து. வேண்டுமென்றே சாத்துவதும் உண்டு. 2020 செப்டம்பரில் ஆப்பிளுக்கும் 'எபிக்' என்ற விளையாட்டுக் கம்பெனிக்கும் தகராறு முற்றிய நேரம். ஆப்பிள் சாவியால் நுழைகிறவர்கள் செப்டம்பர் 11 முதல் நுழைய முடியாமல் போகலாம், உடனே வேறு வழி செய்துகொள்ளுங்கள் என்று எபிக் தன் பயனாளர்களை எச்சரித்தது. பிறகு ஆப்பிள் அவகாசம் கொடுத்தது, கதவு சாத்தப்படவில்லை. ஆனாலும் கவனியுங்கள்: சண்டை இரண்டு முதலாளிகளுக்கு இடையே, மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டிய நிலை விளையாட வந்த பிள்ளைகளுக்கு!

தனி மனிதனின் கதி என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2021இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பனார், உடம்பு சரியில்லாத தன் பச்சைக் குழந்தையை மருத்துவருக்குக் காட்டுவதற்காகக் கைப்பேசியில் படம் எடுத்தார். கூகுளின் இயந்திரம் அதைத் தகாத படம் என்று முத்திரை குத்திக் கணக்கை முடக்கியது. மின்னஞ்சல் போயிற்று; படங்கள் போயின; கூகுள் மூலம் வாங்கிய தொலைபேசி எண்ணும் போயிற்று. எண்ணும் மின்னஞ்சலும் இல்லாததால், மற்றத் தளங்கள் அனுப்பும் சங்கேத எண்ணைப் பெற முடியாமல் அங்கேயும் நுழைய முடியவில்லை. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. கூகுள் கணக்கைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டது! 2022 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' இதை விரிவாக வெளியிட்டது. போலீசைவிடப் பெரிய போலீஸ்! மேல்முறையீட்டுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் முன்பு 'துண்டு' என்றொரு முறை இருந்ததை முதிய தோழர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கூலியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டாமல் அடுத்த தோட்டத்தில் காலடி வைப்பது கடினம். நம் தமிழ்த் தொழிலாளிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்ட அந்தச் சீட்டு 1921இல் ஒழிக்கப்பட்டது. இன்றைய பொத்தானில் கடனும் இல்லை, கங்காணியும் இல்லை; இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு முதலாளியின் சீட்டு இல்லாமல் மறு முதலாளியின் வாசலில் நுழைய முடியாத நிலைமை வந்தால் என்ன ஆகும் என்பது நம் இனம் பட்டறிந்த பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மனியில் ஏகபோகத் தடுப்பு அலுவலகம் 2019 பிப்ரவரியில் ஒரு துணிச்சலான உத்தரவு போட்டது. பேஸ்புக் நுழைவுப் பொத்தான், விருப்பப் பொத்தான் இவற்றின் வழியே பிற தளங்களில் திரட்டும் விவரங்களை, பயனாளரின் மனமொப்பிய சம்மதம் இல்லாமல் பேஸ்புக் கணக்கோடு சேர்க்கக்கூடாது என்றது. கம்பெனி நான்கு வருஷம் கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி இறங்கியது. 2023 ஜூலை 4இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அலுவலகத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முடிவில் 2024 அக்டோபரில், விவரங்களைக் கலக்காமலே நுழைவுப் பொத்தானைப் பயன்படுத்த வழி செய்து கொடுத்த பிறகுதான் அந்த வழக்கு முடித்து வைக்கப்பட்டது. முடியாது முடியாது என்றவர்களால் முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். சட்டம் வர ஆறு வருஷம் பிடித்தது. 2023இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு மேற்கொண்டு பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சர்க்காருக்கு மட்டும் ஏகப்பட்ட விலக்குகளை எழுதிக்கொண்ட சட்டம் அது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

அதில் நமக்குப் பயன்படும் இரண்டு வரிகள் உண்டு. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. தமிழும் அந்த 22 மொழிகளில் ஒன்று! "சரி" என்று அழுத்தும்போது எதற்குச் "சரி" சொல்கிறோம் என்பதைத் தமிழில் கேட்க உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டு எத்தனை பேர் எழுதப் போகிறோம்? தொழிற்சங்கங்கள் எழுதலாம், படிப்பகங்கள் எழுதலாம்.

இன்று இரவே செய்யக்கூடியது

பொத்தானை அடியோடு விட்டுவிடு என்று உபதேசிக்க மாட்டோம். நடக்காததைச் சொல்லி என்ன பயன்? சில காரியங்களைச் செய்யலாம்.

பேஸ்புக் அமைப்புகளில் 'செயலிகளும் இணையதளங்களும்' என்றொரு பகுதி இருக்கிறது. கூகுள் கணக்கிலும் இதே போலப் பிற செயலிகளின் இணைப்புகளைக் காட்டும் பட்டியல் உண்டு. திறந்து பாருங்கள். என்றோ ஒரு நாள் முகத்தைக் கிழவனாக்கிப் பார்த்த செயலியும், முன்ஜென்மத்தில் யாராகப் பிறந்தீர்கள் என்று சொன்ன செயலியும் அங்கே சட்டமாக உட்கார்ந்திருக்கக்கூடும். வேண்டாதவற்றை வெட்டுங்கள்.

போலிப் பொத்தான்களும் உலவுகின்றன. புகைப்படம் திருத்தும் செயலி, விளையாட்டு, டார்ச் விளக்கு என்று வேடம் போட்டுக்கொண்டு, "பேஸ்புக் மூலம் நுழைக" என்று போலித் திரை காட்டிக் கடவுச்சொல்லைப் பிடுங்கும் 400க்கும் மேற்பட்ட செயலிகளை 2022 அக்டோபரில் மெட்டா கம்பெனியே பட்டியலிட்டது. பத்து லட்சம் பேருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. டார்ச் விளக்கு எரிய நம் ஜாதகம் எதற்கு என்று கேட்டால் பாதி மோசடி அங்கேயே பிடிபட்டுவிடும்.

சங்க அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. சுவரொட்டி வரையும் தளம், கூட்டம் நடத்தும் தளம், உறுப்பினர் பட்டியல் வைக்கும் தளம் எல்லாவற்றிலும் யாராவது ஒரு இளந்தோழரின் சொந்தக் கணக்கால் நுழைந்து வேலை நடக்கிறது. அவர் வேலை மாறிப் போனால், கணக்கு முடங்கினால், பட்டியலும் அவரோடு போகும். சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கி, தனிக் கடவுச்சொல் வைத்து, அதைச் செயலாளர், பொருளாளர் இருவர் பொறுப்பில் வையுங்கள். நிர்வாகிகள் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் சேர்த்து ஒப்படைக்கும் பழக்கம் வரட்டும்.

வெட்டும்போது வரிசை முக்கியம். எந்தத் தளம் பிழைப்புக்கு வேண்டியதோ, அதில் முதலில் மின்னஞ்சலும் தனிக் கடவுச்சொல்லும் பதிந்து, அதன் வழியாக ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுங்கள். அதன் பிறகே பேஸ்புக் இணைப்பைத் துண்டியுங்கள். மாற்றிச் செய்தால், வேலைக்குப் போட்ட மனுவும் வந்த பதிலும் உள்ளே இருக்கும். நாம் வெளியே நிற்போம்.